யாரும் பிரிக்காத பிரதி

மட்டாஞ்சேரியில் மாநகராட்சி வேலையில் இருக்கிறேன். எனக்குப் பிடித்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் கையெழுத்திட்ட புத்தகங்களையும், வெளியீட்டுக்கு முன்பே சிலருக்கு மட்டும் கொடுக்கப்படும் முன்பிரதிகளையும் பல வருடங்களாகச் சேர்த்துவந்தேன்.

கொச்சங்காடியில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவருடைய முதல் நாவலின் முன்பிரதி கிடைத்தது. ‘மூர்த்திக்கு, படித்துவிட்டுச் சொல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் அவர் ஒரு புத்தக விழாவுக்காக எறணாகுளம் வந்தார். வேலை முடிந்து, நனைந்தபடியே இரண்டு பஸ் மாறிப் போய், கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று அந்த முன்பிரதியை நீட்டினேன்.

“இது எங்க கிடைச்சது?” என்று கேட்டார்.

“பழைய பேப்பர் கடையில கிட்டுச்சு சார். புத்தம் புதுசு! தாள்கூட வெட்டாம ஒட்டியே இருக்கு. ஒருத்தரும் படிச்சதில்ல” என்றேன் பெருமையாக.

ஒட்டியிருந்த தாள்களை அவர் விரலால் தடவிப் பார்த்தார். “மூர்த்தி என் சிநேகிதன். ரெண்டு தடவை படிச்சேன்னு சொன்னானே. அந்த தைரியத்துலதான் அடுத்த நாவலே எழுதினேன்” என்றார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அசதி தீரவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் முப்பது சொச்சம் புத்தகங்கள். நான் படித்திருந்தது நாலுதான்.

இப்போது புதிதாக எதையும் தேடிப் போவதில்லை. வேலை முடிந்து வந்து, கண் சொக்கினாலும் பத்துப் பக்கம் படிக்கிறேன். ஒரு புத்தகம் முடிந்ததும் அவருக்கு ஒரு கார்டு எழுதுகிறேன். பதில் வந்ததில்லை. இருந்தாலும் எழுதிப் போடுகிறேன்.