தீவுப் படத்தில் ஒரு கிணறு

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ‘ன’ எங்கே வரும், பெரிய ‘ண’ எங்கே வரும் என்று இன்றைக்கும் மனைவியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நாலு பேருக்கு நடுவே எழுந்து கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற துணிவில்தான் தொடங்கியிருக்கிறேன்.

நான் இருப்பது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு தீவு. பெயரை எழுதவில்லை. எழுதினால், அங்கே இருக்கிற ஒரே தமிழன் இவன்தான் என்று எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். ஒரு ஹோட்டல், ஒரு கடை, ஒரு றோட்டு, மனிதரைவிட அதிகமாக மான்கள். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் என் வேலை. காலையில் குசினியைத் திறக்கும் முன்பு, நடைவழியில் தொங்கும் படங்களின் கண்ணாடிகளைத் துடைத்துவிட வேண்டும். அதில் ஒன்று பழைய வரைபடம். என் அப்பாவைவிட வயது கூடியது. சீலையில் ஒட்டி, மடித்து, யாரோ சட்டைப்பையில் கொண்டு திரிந்ததாம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வடிவம், அதற்குள் எண்ண முடியாத மெல்லிய நெளிகோடுகள். சுற்றிவர ஒன்றுமில்லாத வெளிறிய இடம்.

வந்த புதிதில் அதை ஒரு கடனீரேரியின் படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். தொண்டைமானாற்றில் பிறந்து நீரேரியில் வலை விட்டு வளர்ந்தவன் நான். நடுவில் தண்ணீர், சுற்றிவரத் தரை, அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் தண்ணீர் என்றால் நெளிகோடு கீறுவார், தரையை வெறுமையாக விடுவார். படத்தில் கடலுக்குப் பூசியிருந்த நீலமோ வெயில் பட்டு மணல் நிறமாகிவிட்டது. நான் வேறு எப்படி நினைப்பது? கோடுகள் நெருங்கியிருந்த இடங்களைப் பார்த்து, இதில் நல்ல ஆழம், இதில் இழுவை கடுமையாக இருக்கும், இந்த மூலையில் இறால் படும் என்று கண்ணாடியைத் துடைத்தபடி மனதுக்குள் வலை விட்டுக்கொண்டு நின்றேன்.

குசினிக்குப் பொறுப்பானவன் கென். தீவிலேயே பிறந்தவன், என் வயதுதான் இருக்கும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், எல்லோரையும் ‘பால்’ என்பான். அவன் கதைத்ததை நான் விளங்கிக்கொண்டபடி என் தமிழிலேயே எழுதுகிறேன். ‘பால்’ என்பதை மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் துணிவை வரவழைத்து, கோடுகள் மிக நெருக்கமாக இருந்த இடத்தில் விரலை வைத்து, “இந்த ஆழத்திலை மீன் படுமோ?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

கென் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“மச்சான், அதிலை மீன் பிடிக்கிறதெண்டால் ஏணி கொண்டு போகோணும்.”

அவன் பார்த்த பக்கம் முகிலுக்குள் தலையைச் செருகிக்கொண்டு மலை நின்றது. நான் விரல் வைத்திருந்தது அதன் உச்சியில்.

வெட்கத்தில் கோப்பைத் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். கென் விடவில்லை. ஒரு பெரிய உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிப் பலகையில் கவிழ்த்தான். அதைப் படுக்கை வாட்டில் தட்டையான துண்டுகளாகச் சீவினான். அடித்துண்டை எண்ணெய்க் கடதாசியில் வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கீறினான். அதற்குள் அடுத்த துண்டு, அதற்குள் அடுத்தது. கடைசியில் கடதாசியில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு மலை படுத்திருந்தது. “கோடு நெருங்கினால் முழங்கால் நோகும். விலகினால் வீடு கட்டலாம்” என்றான். “உன்ரை ஊரைக் கீறிக் காட்டு பாப்பம்.” நான் கத்தியை எடுத்து வெறும் பலகையில் தட்டையாக வைத்தேன். எங்கள் குடாநாட்டைச் சீவினால் ஒரு துண்டும் தேறாது. செல்வச்சந்நிதிக் கோயில் தேர்முட்டிப் படிகள்தான் நான் சின்ன வயதில் ஏறிய பெரிய உயரம். கென் அந்தக் கத்தியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மலையே இல்லாத ஊரில் வழி தவறினால் எதைப் பார்த்துத் திரும்புவீர்கள் என்று கேட்டான். எனக்கு அது விளங்கவே இல்லை. அங்கே எதற்கு வழி தவற வேண்டும்?

அதன்பிறகு எனக்கு அந்தப் படத்தில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணாடி துடைக்கிற வேலை நீண்டுகொண்டே போனது. இந்தச் சனம் மலையில் ஒரு கல்லைக்கூடப் பெயரில்லாமல் விடவில்லை. ஒவ்வொரு ஓடைக்கும் பள்ளத்துக்கும் பெயர். கடலைத்தான் மொட்டையாக விட்டிருந்தார்கள். எங்களுக்கு அது மறுவளம். தரையில் ஒரு ஒழுங்கைக்கும் பெயர் இராது, தண்ணீரில் வலை விடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சறோவுக்கு விசா கிடைத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வெளிக்கிட்ட நாளிலிருந்து அவள் அங்கே, நான் இங்கே. குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் இரண்டு பேர் இருக்க முடியாது. ஹோட்டல் முதலாளியம்மா, றோட்டு முடிகிற இடத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு சின்னக் கல்வீட்டைத் தரலாம் என்றார். ஆனால் பனி தொடங்கும் முன் ஒரு முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலையாட்களுக்குக் கொடுத்துவிடுவார். நான் சந்தோஷமாகப் போன் எடுத்தேன்.

“தீவோ?” என்றாள் சறோ. “எங்கடை ஐயா, ‘நல்ல தண்ணியில்லாத தீவுப் பக்கம் பிள்ளையைக் குடுக்கமாட்டன்’ எண்டு எத்தினை சம்பந்தத்தைத் தட்டினவர் தெரியுமோ? இந்த வயதிலை நீங்கள் என்னை வெள்ளைக்காரன்ரை தீவுக்குக் கூப்பிடுறியள்.”

“உது வேறை தீவப்பா. மலையெல்லாம் இருக்கு.”

“மலையைக் கரைச்சுக் குடிக்கிறதோ? கிணறு இருக்கோ, அதைச் சொல்லுங்கோ.”

“வீட்டுக்குள்ளை குழாய் இருக்கு.”

“நான் குழாயைக் கேக்கேல்லை.”

அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய வீடு காங்கேசன்துறைப் பக்கம். போரில் இராணுவம் அந்தக் காணியைப் பிடித்து, அவர்கள் இடம்பெயர்ந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அதன்பிறகு எங்கள் கலியாணம் முடிந்தும், நெல்லியடிப் பக்கம் இன்னொருவர் வளவில்தான் கொட்டில் போட்டு இருந்தோம். வாளியோடு படலையில் நின்று, வீட்டுக்காரர் குளித்து முடியும்வரை காத்திருந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து அள்ள வேண்டும். கோடையில் தண்ணீர் இறங்கினால் அந்த முகமும் இறங்கிவிடும். நான் வெளிநாடு வந்த பிறகுதான் இராணுவம் அவர்களுடைய காணியை விட்டது. சறோ போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. இடித்த கல்லையும் ஓடுகளையும் கிணற்றுக்குள் கொட்டி மூடியிருந்தார்கள். வீட்டைப் பிறகு பார்ப்போம் என்று அவள் முதலில் கிணற்றைத்தான் தூர் வாரினாள். தண்ணீர் ஊறியதும் ஒரு செம்பு குடித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். அந்தக் கிணற்றை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? வா என்று சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் படத்துக்கு முன்னால் நின்று றோட்டு முடிகிற இடத்தைத் தேடினேன். கோடுகள் கொஞ்சம் விலகியிருந்த ஒரு மேட்டில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது, அதுதான் வீடு. அதற்கு மேலே, ஓடைக் கரையில், எறும்பு மாதிரி ஒரு எழுத்து. டபிள்யூ. கென்னைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கிணறு மச்சான்” என்றான். “ஆனால் அதைப் பாத்ததாக ஒருத்தரும் சொல்லி நான் கேக்கேல்லை.”

படத்தைச் சுவரிலிருந்து கழற்ற முடியாது. எண்ணெய்க் கடதாசியைக் கண்ணாடி மேல் வைத்து அந்தத் துண்டை மட்டும் ஒற்றி எடுத்தேன். எங்கள் இருவருக்கும் ஓய்வான ஒரு நாளில் கென்னுடைய வான் வண்டியில் போனோம். மழை வருவதும் போவதுமாக இருந்தது. மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கொசுவின் பேரப்பிள்ளை மாதிரி, காதுக்குள்ளும் புகுந்தது. வீட்டுக்குப் பின்னால் இடிந்த கற்சுவர்கள் வரிசையாக நின்றன. நான் தேடினேன், தேடினேன். வட்டமான கட்டு, கப்பி போடுகிற தூண், எட்டிப் பார்த்தால் கீழே என் தலை தெரிகிற ஆழம். அப்படி ஒன்றும் இல்லை. ஓடைக் கரையில் மேலும் கீழும் நடந்து என் சப்பாத்து ஊறிப்போனது. பழைய படம் பொய் சொல்லுகிறது, இனிச் சறோவுக்கு என்ன சொல்வது என்று ஒற்றிய கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அப்போது கென் கத்தினான். அவனுடைய கால் ஒன்று முழங்கால்வரை நிலத்துக்குள் போயிருந்தது.

“கிடைச்சிட்டுது! குளிருது மச்சான், இழு!”

நான் அதே இடத்தைப் பலமுறை தாண்டிப் போயிருந்தேன். பன்னம் என்ற பெரணிச் செடியின் தழைகளுக்குக் கீழே, மூன்று பக்கமும் கல் அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கல். ஒரு கை ஆழம்தான் இருக்கும். அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இதைக் கிணறு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். இங்கே மலை தண்ணீரைக் கொண்டுவந்து கையில் தருகிறது, தோண்ட வேண்டியதில்லை. எனக்குத்தான் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டேன். வீட்டில் போன் பிடிக்காது. படத்தில் தடித்த கோடு போட்டிருந்த உயரம்வரை இருவரும் மூச்சு வாங்க ஏறியதும் சிக்னல் வந்தது. வீடியோவில் சறோவுக்குப் போத்தலைக் காட்டினேன்.

“உதென்ன, தேத்தண்ணியைப் போத்தலுக்குள்ளை விட்டு வைச்சிருக்கிறியள்?”

“தண்ணியப்பா. கிணத்துத் தண்ணி. இஞ்சத்தை மண் அப்பிடி, நிறம் மட்டுந்தான். குடிச்சுப் பாத்தன்.”

“சீனி காணுமோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு, “உந்தக் கிணறு ஆரின்ரை?” என்றாள்.

நான் கென்னைக் கேட்டேன். அவன் இடிந்த சுவர்களைக் காட்டி மெதுவாகச் சொன்னான். பழைய காலத்தில் அங்கே குடியிருந்தவர்களை, செம்மறி வளர்க்க இடம் வேண்டும் என்று காணிக்காரன் எழுப்பிவிட்டானாம். அவர்கள் கப்பல் ஏறிப் போனார்களாம். அதை நான் சறோவுக்குச் சொன்னேன்.

“எங்கை போச்சினமாம்?”

“கனடாவுக்காம்.”

“கனடாவுக்கோ! ஆர் ஸ்பொன்சர் பண்ணினது?”

அவள் சிரித்த சிரிப்பில் கென்னும் என்னவென்று தெரியாமல் சிரித்தான். நான் விளங்கப்படுத்தியதும் அவன் சிரிப்பை நிறுத்தினான். தன்னுடைய கொப்பாட்டனின் தம்பியும் அந்தக் கப்பலில் போனவன்தான் என்றான்.

சறோவுக்கு அதையும் சொன்னேன். “பிறகு ஒருத்தரும் திரும்பி வரேல்லையோ?”

“இல்லையாம்.”

“நாங்கள் வந்தம்” என்றாள். “பாவம், ஆரும் வராத கிணறு.” போனை வைத்துவிட்டாள்.

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “இஞ்சேருங்கோ, அந்த அம்மாவுக்கு வீட்டை வேறை ஆருக்கும் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வந்து பாக்கிறன். பிடிக்காட்டில் திரும்பிப் போவன், நீங்கள் மறிக்கக் கூடாது.”

“மறிக்கமாட்டன்.”

“எங்கடை கிணத்துக்குத் தங்கச்சி கலா பொறுப்பு. ஒவ்வொரு நாளும் இறைக்கச் சொல்லியிருக்கிறன். இறைக்காட்டில் தண்ணி நாறிப்போகும்.”

கென் என் முகத்தைப் பார்த்து, கத்தியைக் கீழே வை மச்சான், விரல் போய்விடும் என்றான்.

சறோ வந்து முதல் பனியைப் பார்த்தாள், அழுதாள், திட்டினாள். வசந்தம் வந்தபோது ஓடைக் கரைக்குப் போய்ப் பன்னத்தழைகளைப் பிடுங்கி, சேற்றை வாரி, கற்களைத் தேய்த்துக் கழுவினாள். திரும்பிப் போவது பற்றி இன்றுவரை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்பதும் இல்லை. ஊர்க் கிணற்றுக்கு வேப்பஞ்சருகு விழாமல் கலா பழைய வலையைக் கட்டியிருக்கிறாள். இங்கே மான்கள் வந்து கலக்காமல் இருக்க, கடற்கரையில் ஒதுங்கிய சால்மன் வலைத் துண்டு ஒன்றை நான் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

நாள்தோறும் மாலையில் சறோ சால்வையைப் போர்த்துக்கொண்டு அந்தத் தடித்த கோட்டு உயரத்துக்கு ஏறுவாள். முழங்கால் நோகுது என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறுவாள். இன்றும் ஏறினாள். நான் கீழே வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, காற்றுக்கு மேலால் பலத்த குரலில் கேட்டாள்.

“கிணத்துக்கு வலை போட்டாச்சோ?”

கலாவைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா தெரியவில்லை. நான் போய்ப் பார்த்து, வலையின் ஒரு மூலையை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன்.

கனநாளாக எழுத நினைத்து, இன்றுதான் எழுதி முடித்தேன்.

2024ஆம் ஆண்டு புரட்டாதி (செப்டெம்பர்) 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.