எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தாகம் எடுக்காது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான். பாதி மறந்தும் போச்சு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் அண்ணனும் நானும் ஒரே வகுப்பு. அவன் ஒரு வருஷம் ஃபெயில். அதைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. எதைப் பற்றியும் கிடையாது. வீட்டுக்கு வரவேண்டிய பயமும் கூச்சமும் மொத்தமாக என் பங்குக்கு வந்துவிட்டன.

ஒரு நாள் சுகாதாரப் பாடத்தில் டீச்சர், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் யாரெல்லாம் குடிக்கிறீர்கள் என்று கேட்டதும் பையன்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கள் பக்கம் ஒரு கைகூட எழவில்லை.

அண்ணன் எழுந்தான். "பொட்டப் புள்ளைங்களுக்கு தாகமே எடுக்காது டீச்சர். வோணும்னா எந்தங்கச்சியக் கேளுங்க."

வகுப்பே சிரித்தது. எனக்கும் தெரிந்த விஷயம்தான் அது. விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பும் அம்மா, வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும், "பொம்பளைக்கு இன்னா தாகம்?" என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் அவன் சொன்ன விதம் சுருக்கென்று பட்டது.

சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடியில் போய் நின்றேன். "யாரு நெறைய குடிக்கிறாங்க, பாக்கலாமா?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

"தோத்துட்டு அம்மாகிட்ட அழுவக்கூடாது, இன்னா?" என்றான் அண்ணன்.

ஒரே அலுமினியக் குவளை. அவன் ஒன்று, நான் ஒன்று. அந்தப் பக்கம் பையன்கள் கத்த, இந்தப் பக்கம் பெண்கள், "வுடாதடி! குடிடி!" என்று குதித்தார்கள். வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. திடீரென்று அண்ணனுக்குப் புரையேறி, மூக்கு வழியாகத் தண்ணீர் பீறிட்டது. நான் இன்னும் ஒரு குவளை குடித்துக் காட்டினேன். பெண்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்!

கடைசி வகுப்பில்தான் வினை தெரிந்தது. அண்ணன் பின்சுவர்ப் பக்கம் போய்விட்டு, விசிலடித்தபடி வந்தான். பெண் பிள்ளைகளுக்கு அங்கே ஒதுங்க இடம் கிடையாது, வீட்டுக்குத்தான் போகவேண்டும். காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. பறந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹார்பர் கூட்ஸ் வண்டி. அதற்கு முடிவே இருப்பதாகத் தெரியவில்லை. அங்கே காலிக் கூடையோடு அம்மாவும் நின்றிருந்தாள், கால் மாற்றி, கால் மாற்றி.

"இன்னாடி, இப்டி ஓடியாற?"

காதில் சொன்னேன். ஜெயித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஐயோ, சிரிக்க வெக்காதடி! நானும் காலைலேருந்து அடக்கிகினு கீறேன்."

கேட் தூக்கியதும் இருவரும் ஓடினோம். கூடை அவள் இடுப்பில் தட்டித் தட்டிக் குதித்தது. சிரித்தால் காரியம் கெட்டது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கக்கூஸ். "நீ மொதல்ல போ" என்று என்னை உள்ளே தள்ளினாள்.

வெளியே வந்தபோது, சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தாள்.

அவளும் போய்விட்டு வந்து, அடுக்களையில் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு இன்னொரு சொம்பு. கழுத்தில் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்தது. அண்ணனைவிட வேகம், என்னைவிட வேகம்! அம்மா மட்டும் அன்றைக்குக் குழாயடிக்கு வந்திருந்தால் எல்லாரையும் ஜெயித்திருப்பாள் என்று எனக்கு ஒரே பெருமை.

குவளை அலுமினியமா பித்தளையா, சரியாக ஞாபகமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு எப்போது இடம் கட்டினார்கள் என்பதும் தெரியாது. என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், விசாரித்துச் சரியாகச் சொல்லுங்கள்.