விசில் கடிக்கும் பற்கள்

அண்ணனின் விசிலில் இரத்தம் இருப்பதை முதலில் கவனித்தவர் வண்டி கழுவ வந்த ஒருவர்தான். கார் கண்ணாடியை இறக்கி, "தம்பி, வாயில அடிபட்டிருக்கா?" என்று கேட்டார். அண்ணன் விசிலைச் சட்டையில் துடைத்தான். இன்னும் கொஞ்சம் முன்னாடி வா என்று விரலை மடக்கிக் காட்டினான். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

வண்டி கழுவும் கொட்டகையில் அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன்; வயது முப்பதைத் தாண்டிவிட்டது. விசிலை முன்பற்களில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வண்டிகளை மேடையில் ஏற்றுவான். விரல்கள் மடங்கினால் வா. உள்ளங்கை விரிந்தால் நில். விரித்த பிறகும் சக்கரம் ஒரு சாண் உருண்டதோ, அந்த வண்டிக்குத் தண்ணீர் கிடையாது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து சாரி கேட்க வேண்டும். முதலாளியே ஒரு தடவை கேட்டிருக்கிறார். "நிறுத்தினா நிக்கணும்" என்பான். அவன் சட்டப் புத்தகத்தில் அந்த ஒரு வரிதான்.

அம்மா இரத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவனுக்குப் பல்லுல ஒரு சொத்தை உண்டா? உனக்குத்தான் வாயெல்லாம் சிமெண்ட்டு" என்று என்மேல் பாய்ந்தாள். அது உண்மைதான். என் கடைவாயில் மூன்று இடங்களில் அடைப்பு. அண்ணனின் பற்கள் பார்க்கச் சுத்தமாகவே இருந்தன. ஆனால் கீழ்வரிசை முன்பற்களை அவன் நாக்கால் தள்ளியபோது நான்கும் அசைந்தன.

முதலில் போன பல் மருத்துவமனையில் எல்லாம் அவசரம். கருவி வாய்க்குள் போனதும் அண்ணன் உள்ளங்கையை விரித்தான். "கையப் பிடிங்க, கையப் பிடிங்க" என்றார் மருத்துவர். உதவியாளர் பிடித்தார். அடுத்த நொடி அண்ணன் மருத்துவரின் விரலைக் கடித்தான். "இப்படி இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மயக்கம் கொடுத்து நாலையும் எடுத்துடலாம்" என்றார் அவர், விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடி.

மயக்கம் என்றதுமே அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. சின்ன வயதில் அவன் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது, மூடிய கதவின் முன்னால் நின்று காத்திருந்தவள் அவள். அண்ணன் காதில் விழுந்தது வேறு: நாலையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம் விசிலை எதில் கடிப்பது?

அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் கை தானாக எழும்பும், பாதியில் இறங்கும். அம்மா அடுப்பை அணைத்தாளா என்று பார்க்கப் போவாள், வருவாள், மறுபடி போவாள். நான் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் அந்த வீட்டில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று.

முதலாளி ஃபோன் பண்ணினார். "இன்ஸ்பெக்டர் எப்ப வருவாரு? இங்க ஒருத்தன் ஒருத்தன் மேல இடிச்சுக்கிறானுங்க." இன்னொரு மருத்துவரின் பெயரைச் சொன்னவரும் அவர்தான்.

அந்த டாக்டரம்மா முதலில் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. இதயத்தைப் பற்றிக் கேட்டார்; இதய மருத்துவரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பிறகு, "வீட்டுல யாரு பல் தேய்ச்சு விடுறது?" என்றார்.

"அவனே தேய்ப்பான். அப்புறம் நான் ஒரு தடவ" என்றாள் அம்மா. "இரத்தம் வர்ற இடத்த மட்டும் விட்டுடுவேன். பாவம், வலிக்குமே."

டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். "அங்கதாம்மா தேய்க்கணும். அழுக்கு உக்காந்திருக்கறதாலதான் இரத்தமே வருது. டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்குச் சொத்தை கம்மியாத்தான் இருக்கும். ஆனா ஈறு சீக்கிரம் கெட்டுப்போகும். அந்தக் கிருமியோட சண்டை போடுற தெம்பு உடம்புக்குக் குறைச்சல். பல்லோட வேரும் குட்டை. அதான் ஆடுது."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"எடுக்காம முடியுமா?"

"ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணி, பல்லைப் பின்னாடி கம்பி வச்சுக் கட்டிப் பார்க்கலாம். ஆனா அவர் வாயைத் திறந்து வச்சுக்கணும். அது அவர் கையிலதான் இருக்கு."

அண்ணன் அதுவரை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையின் வண்டி மேடை மாதிரி அது ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குத் தெரிந்த சங்கதி. பக்கத்தில் போய் நின்று, விரலை மடக்கினான். டாக்டரம்மா பெடலை மிதித்தார், நாற்காலி ஏறியது. உள்ளங்கையை விரித்தான், நின்றது. அவன் அவரை உற்றுப் பார்த்தான்.

"நிறுத்தினா நிக்கணும்" என்றான்.

"நிப்பேன், சார்."

அன்றைக்கு அவ்வளவுதான். வாயைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவில் அம்மா முழுவழியும் முணுமுணுத்தாள்: "நாற்காலிய ஏத்தி இறக்கினதுக்கா இவ்வளவு தூரம்?"

அடுத்த தடவை, இதய மருத்துவர் சொன்ன மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனோம். ஈறு மரத்துப்போக மருந்து வைத்தார்கள். இயந்திரம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அண்ணனின் பாதங்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. உறிஞ்சு குழாயில் சிவப்பு ஓடியது. பாதங்கள் நின்றன. கை எழுந்தது. உள்ளங்கை விரிந்தது.

"இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிடுங்க டாக்டர்!" அம்மா எழுந்துவிட்டாள். "இப்ப விட்டா மறுபடி திறக்க மாட்டான்!"

டாக்டரம்மா கருவியை வெளியே எடுத்தார். கீச்சொலி அடங்கியது. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டி, அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாயை மூடினான். எச்சிலை விழுங்கினான். கூரையைப் பார்த்தான். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. இதோடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அவன் அவருடைய கைகளைப் பார்த்தான். அவை அசையவில்லை. ஒரு சாண்கூட.

பிறகு வாய் திறந்தது. மார்பின் மேல் கிடந்த கை எழுந்து, விரல்கள் மடங்கின. வா. வா. இன்னும் முன்னாடி வா.

"நன்றி, இன்ஸ்பெக்டர் சார்" என்று டாக்டரம்மா குனிந்தார்.

அப்புறமும் சில நாட்கள் போனோம். ஒவ்வொரு முறையும் பலமுறை நிறுத்தினான். சில சமயம் சும்மா, அவர் நிற்கிறாரா என்று பார்க்க. நான்கில் ஒன்று தேறவில்லை, எடுத்துவிட்டார்கள். மூன்றைப் பின்னாலிருந்து மெல்லிய கம்பி பிடித்திருக்கிறது. அவை நிலைக்குமா என்பது வீட்டில் தேய்ப்பதைப் பொறுத்தது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். விசிலை இப்போதைக்குப் பல்லில் கடிக்கக் கூடாது. உதட்டில் வைத்து ஊதுகிறான். சத்தம் கொஞ்சம் கோணல். வண்டிகள் என்னவோ நிற்கின்றன.

இன்று காலை அம்மா அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பிரஷ்ஷை ஈறின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு இழுப்பு. நுரை லேசாகச் சிவந்தது. யாரும் உள்ளங்கை காட்டவில்லை. அவள் கை தானாக நின்றுவிட்டது.

அண்ணன் கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தான். வாய் நிறைய நுரையோடு, விரல்களை மடக்கினான்.