லிஸ்ப் என்று சொன்ன காலை

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. படித்தேன். ஜாவா மொழியின் அம்சங்கள் எந்தெந்தப் பழைய மொழிகளிலிருந்து வந்தவை என்பதுதான் என் கருத்தரங்கத் தலைப்பு.

பயன்படுத்தி முடித்த நினைவகத்தை மொழியே தானாக மீட்டுக்கொள்ளும் வசதி ஜாவாவில்தான் முதலில் வந்தது என்று எங்கள் பேராசிரியர் தன் குறிப்பில் எழுதியிருந்தார். வகுப்பு முழுவதும் அதை மனப்பாடம் செய்திருந்தது. நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வேறு மாதிரி சொன்னது. ஜாவாவுக்கு முப்பது வருடங்களுக்கும் முன்பே லிஸ்ப் என்ற மொழியில் அது இருந்திருக்கிறது. படித்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. உள்மதிப்பெண் போடுபவர் பேராசிரியர்தான்.

கருத்தரங்க வாய்மொழித் தேர்வன்று விடிகாலையில், மலைமேல் எங்கள் ஊரான சோளக்காட்டில் பஸ் ஏற்றிவிட அம்மா வந்தாள்.

"ஏங்கண்ணு, மொகம் வெளுத்துக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"பெயிலாப் போயிருவியா?"

அந்தப் பயமும் இருந்தது. பெயிலானால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, எதைச் சொல்வது என்று மாற்றி மாற்றி முடிவெடுத்தேன். அடிவாரம் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பக்கத்திலேயே பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். நினைவகத்தை மீட்கும் வசதி எதிலிருந்து வந்தது என்று, நான் பயந்த கேள்வியையே தேர்வாளர் கேட்டார்.

"லிஸ்ப்லருந்து வந்ததுங்க சார்."

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் பேராசிரியர்.

"லைப்ரரி புஸ்தகத்துல இருக்குதுங்க சார்." குரல் எனக்கே கேட்கவில்லை.

தேர்வாளர் என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரிதாம்மா," என்று அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

அதன்பின் பேராசிரியர் என்னோடு பேசவேயில்லை. வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பக்கத்து அறைக்குள் புகுந்துகொள்வேன். மதிப்பெண் ஒட்டிய அன்று பலகைக்கு அருகில் போகத் துணிவில்லாமல் தோழியை அனுப்பினேன்.

அவள் ஓடி வந்தாள். "பாஸுடி! உள்மதிப்பெண்ணு நம்ம கிளாஸ்லயே உனக்குத்தான் ஜாஸ்தி!"

நன்றி சொல்லப் பேராசிரியர் அறை வாசல் வரை போனேன். கதவைத் தட்ட மட்டும் கை எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.