பேரிங் உட்காரும் இடம்

எனக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை. வீடு கடலூர் முதுநகரில். தினமும் பழைய காரில் நானே ஓட்டிப் போய் வருகிறேன். ஒருநாள் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து முனகல் போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. பேரிங் தேய்ந்துவிட்டது என்றான் என் தம்பி. பல வருடம் ஓடிய பேரிங், போனதில் வியப்பில்லை.

தம்பி அப்போதுதான் சொந்தமாக ஒர்க்‌ஷாப் தொடங்கியிருந்தான். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்துத் திறந்து வைத்த கடை. அங்கே வேலைக்கு வந்த முதல் சில வண்டிகளில் என் காரும் ஒன்று. புது பேரிங் போட்டுக் கொடுத்தான். மழைக்காலம் முடிவதற்குள் அதே சத்தம் திரும்பிவிட்டது.

பேரிங் போலி என்று முடிவு கட்டி, விற்ற கடைக்காரரோடு சண்டை போட்டான். வேறு கம்பெனி பேரிங் வாங்கி, அதை அழுத்தி ஏற்றும் பிரஸ் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுவந்தான். அதுவும் சீக்கிரமே முனக ஆரம்பித்தது. வேறு எங்காவது காட்டு என்றார் கணவர். அக்காவே வேறு கடைக்குப் போனால் ஊரில் யார் அவனை நம்பி வண்டியை விடுவார்கள்? நான் போகவில்லை. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு காலையில் புதுச்சத்திரம் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் உதறியது. கார் இடப்பக்கம் இழுத்தது. ஓரங்கட்டி இறங்கினேன். சக்கரத்தின் நடுவிலிருந்து கருகிய கிரீஸ் நாற்றம், கிட்டே போக முடியாத சூடு. போன் செய்ததும் தம்பி வந்தான். சூடு தணிந்தபின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். அது லொடலொடவென்று ஆடியது.

"இனிமே நான் கை வெக்க மாட்டேன்க்கா. வேற ஆள்கிட்ட காட்டுவோம், நானும் வரேன்" என்றான்.

காரை இழுத்துக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். லால்பேட்டைக்காரர் ஒருவர் நடத்துவது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, முதல் பேரிங்கை எப்படிப் போட்டீர்கள் என்று தம்பியிடம் கேட்டார்.

என் பக்கம் திரும்பாமலே தம்பி சொன்னான்: "சுத்தியால அடிச்சுதான் பாய் ஏத்துனேன். பிரஸ் இல்ல."

அவர் கடிந்துகொள்ளவில்லை. உள்வளையத்தில் விழுகிற அடி குண்டுகள் வழியாக இறங்கி, அவை ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போட்டுவிடும், முதல் பேரிங் அதனால் போனது என்றார். கோணலாக அடித்ததில் பேரிங்கைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புக் கூட்டின் துளையும் வட்டம் கெட்டுவிட்டது. இரண்டாவது பேரிங் நல்லதுதான், ஏற்றிய விதமும் சரிதான். ஆனால் அந்தத் துளை அதை நெருக்கிச் சூடாக்கிக் கொன்றுவிட்டது.

"பேரிங் மேல தப்பு இல்ல தம்பி. அது உக்கார்ற எடத்த நீங்க பாக்கல" என்றார்.

நக்கிளையும் மாற்றிப் புது பேரிங் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் தம்பி, தான் சுத்தியால் பேரிங் ஏற்றிய வண்டிக்காரர்களுக்கு எல்லாம் போன் செய்து, வந்து காட்டச் சொன்னான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர் தெருவே கேட்கத் திட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. மற்றவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள்.

சில மாதம் கழித்து, சத்தம் இருக்கிறதா என்று கேட்க என்னோடு சிதம்பரம் வரை வந்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆலப்பாக்கம் வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பிறகு சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனான். பஸ் ஸ்டாண்டில் எழுப்பி இறக்கிவிட்டு, நான் பள்ளிக்குப் போனேன்.