விழாதவருக்குக் கருவி கிடையாது

லிஃப்ட்காரர் காலமெல்லாம் ஆபீஸ் லிஃப்டை இயக்கி, ஏறி இறங்கியே சம்பாதித்தவர். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதுவே கடைசியில் அவருக்கு வினையாக வந்து முடிந்தது.

மனைவி போன பிறகும் சொந்த வீட்டில்தான் இருப்பேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மகள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகத் தரும் கருவியை அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தீப்பெட்டி அளவுதான். ஆள் விழுந்தால் அதுவே தெரிந்துகொண்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடும்.

"அது இல்லேன்னா அன்னைக்கே என் வீட்டுக்கு வந்துடணும்ப்பா" என்றாள்.

மகள் வீட்டில் டிவி ரிமோட் மருமகன் கையில். பனியனோடு ஹாலுக்கு வரக்கூடாது. ஃபேன் எத்தனையில் சுற்ற வேண்டும் என்பதுகூட மகள் முடிவு. கருவியே தேவலை என்று மாட்டிக்கொண்டார். "நாய்க்குப் பட்டை கட்டின மாதிரி இருக்கு" என்று புலம்பினாலும் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

ஒருநாள் நிறுவனத்துப் பெண் டேப்லெட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க இதுவரைக்கும் விழவே இல்லை."

"சந்தோஷம்மா."

"அதான் பிரச்சினையே. கருவி யாருக்குத் தேவைன்னு இப்போ சாஃப்ட்வேர்தான் முடிவு பண்ணுது. உங்களுக்குத் தேவையில்லைன்னு வந்திருக்கு. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

"விழாம இருந்தது ஒரு குத்தமா?"

"குத்தமில்லைய்யா. விழுந்தவங்க நிறைய பேர் காத்திருக்காங்க."

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். கருவியைக் கழற்றித் தரையில் போட்டார். அது மூச்சு விடவில்லை. மேசையிலிருந்து உருட்டிவிட்டார். தலையணைக்கு மாட்டித் தள்ளிப் பார்த்தார். மனிதர் விழுவதற்கும் தலையணை விழுவதற்கும் வித்தியாசம் தெரிந்த கருவி, எதற்கும் மசியவில்லை. கடைசியில் தாமே அதை மாட்டிக்கொண்டார். வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் தரையில் பரப்பினார். கட்டில்மேல் ஏறி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தார்.

தலையணை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"ஐயா, விழுந்துட்டீங்களா?" என்று கழுத்திலிருந்த கருவியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆமாம்மா, நல்லாவே விழுந்துட்டேன்!" என்றார். வலியிலும் குரலில் குதூகலம்.

கொஞ்ச நேரத்தில் நிறுவனம் அனுப்பிய ஆம்புலன்ஸ் வந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல். நிறுவனத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"கருவி இனிமே உங்களுக்குத்தான்யா. சாஃப்ட்வேரே மாத்திடுச்சு."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் மகள் உள்ளே நுழைந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"நீங்க தனியா இருந்து கிழிச்சது போதும்ப்பா. இங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்குத்தான்."

"அதான் உடனே ஆள் வந்தாங்களேம்மா!"

"விழுந்த பிறகுதானே வந்தாங்க?"

லிஃப்ட்காரர் சிபாரிசுக்காக நிறுவனத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் டேப்லெட்டை ஒரு தட்டுத் தட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மகள் வீட்டுக்குப் போறீங்கன்னா, நீங்க தனியா இருக்கிறவர் இல்லையேய்யா..." என்றபடி அவர் கழுத்தருகே குனிந்தாள். "நீங்க அசையாதீங்க, வலிக்கும். நானே கழட்டிக்கிறேன்."