வியன்னாவுக்கு மூன்றரை மணி நேரம்

என் மகள் வியன்னாவில், மகன் லிஸ்பனில். இரண்டும் ஐரோப்பாதானே, பக்கம் பக்கமாக இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். லிஸ்பனுக்குப் போன ஒருவரிடம் இருவருக்குமாகச் சேர்த்து ஒரே பையில் லபெட் கொடுத்தனுப்பினேன். ஊறவைத்த தேயிலை, இங்கே அது இல்லாமல் விருந்து கிடையாது. "அக்காவும் நீயும் பிரிச்சுக்கங்க" என்றேன். மகன் ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தான். "அக்கா என்ன, நம்ம ஊர்த் தாகேதாவுலயா இருக்கா, பாலம் தாண்டிக் குடுத்துட்டு வர?" என்று சிரிக்கவேறு செய்தான்.

மகளுக்குப் பிரசவ மாதம் வந்தது. மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அந்த நேரம் பார்த்து நடுக்கடலில் இருந்தார். நான் போகலாம் என்றால், விசா கிடையாது என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லாமல் என் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போவதா?

மகனைக் கூப்பிட்டுப் போகச் சொன்னேன். "அது வேற நாடும்மா. ரொம்பத் தூரம். லீவு வேற கேக்கணும்" என்று இழுத்தான்.

சாக்குப்போக்கு எனக்குப் பிடிக்காது. போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள் நான். மழை, வெள்ளம், கரண்ட் இல்லை என்று சொல்லி யாரையும் பசியோடு திருப்பி அனுப்பியதில்லை. அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு டிக்கெட் போடுகிற இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கணினியில் பார்த்துச் சொன்னாள்: லிஸ்பனிலிருந்து வியன்னாவுக்கு இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் இருக்கும், நேர் விமானம் உண்டு, மூன்றரை மணி நேரம். அங்கேயே குடியிருப்பவர் என்றால் தனியாக விசாவும் வேண்டாமாம்.

எனக்கு வந்ததே கோபம்! பக்கத்து ஊர் கியாக்தானில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பவே, பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால், எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. வழியில் நிறுத்தி அடையாள அட்டை வேறு பார்ப்பார்கள்.

அங்கே நின்றபடியே மகனைக் கூப்பிட்டேன். "மூணரை மணி நேரம்டா! உன்னை யாரும் தடுக்கமாட்டாங்க. என்னைத் தடுத்துட்டாங்க, அதனாலதான் உன்கிட்ட கெஞ்சுறேன். இல்ல, கெஞ்சல. போடான்னு சொல்றேன். தாய்மாமன்னு நீ இருக்கியா, இல்லையா?"

மெல்லச் சொன்னான்: "பயமா இருக்கும்மா. அங்க போய் நான் என்ன செய்வேன்?"

தூரம் ஒரு விஷயமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குரலும் இறங்கிவிட்டது. "ஒண்ணும் செய்யவேண்டாம்ப்பா. அவ கண்ணு முழிக்கிறப்ப எதிர்ல இரு. போதும்."

போனான். குழந்தை பிறந்ததும் வீடியோவில் கூப்பிட்டான். பேத்தி அவன் கையில் இருந்தாள். பயந்தவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் சோர்ந்துபோய்ப் படுத்திருந்தாள். "தம்பி வந்துட்டான்ம்மா" என்றாள். "நீ எப்பம்மா வருவே?"

"வர்றேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. மறுநாள் கடையைத் திறக்காமல், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விசா வரிசையில் போய் நின்றேன். மறுபடியும் கிடையாது என்பார்களோ என்னவோ. சொல்லட்டும், நானும் மறுபடியும் வருவேன்.